எல்லவில் மலிவாக ஒரு மெக்சிகன் மதியச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில். வேலை விஷயமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்குப் போய் வருவேன், மத்தியானம் அங்கேதான் எங்கேயாவது வயிற்றை நிரப்ப வேண்டும். மெயின் ரோட்டில் இருந்து உள்ளே இறங்குகிற ஒரு சந்தில் ஏழு மேசை போட்ட சின்ன மெக்சிகன் கடை ஒன்று இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கே சாப்பிடுகிறேன். இது வெளியே தெரிந்ததும் சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர்கள், அம்மாவின் கூட்டாளிமார் வரை ஆளுக்கொரு கேள்வி. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஏழு மேசைதான், இன்னும் கூட்டம் சேர்ந்தால் எனக்கு இடம் கிடைக்காது.

மெக்சிகன் என்றால் வெள்ளைக்காரனுக்குப் போடுகிற விலைதானே? உண்மையில் எவ்வளவு?

மதியத் தட்டு 950 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் கிடையாது. சோத்துப் பார்சலை விட இது கூடத்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லவில் சுற்றுலாக்காரர் உட்காரும் கடைகளில் ஒரு சோறும் கறியும் என்ன விலை என்று பார்த்தவர்களுக்கு 950 பெரிதாகத் தெரியாது. அந்தக் காசுக்கு ஒரு சின்னக் கோப்பை சூப், தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறு, மசித்த போஞ்சி விதை, அன்றைக்கு என்ன கறியோ அது, நாலு சின்ன டோர்ட்டியா (மக்காச்சோள ரொட்டி), குடிக்க ஒரு கிளாஸ் ஏதாவது வரும். டோர்ட்டியா போதவில்லை என்றால் இன்னும் இரண்டு சும்மா கொடுப்பார்கள், கேட்க வேண்டும், அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: உட்கார்ந்ததும் பெரிய மெனு கார்டைத் திறக்க வேண்டாம். அது ராத்திரிக்கும் சுற்றுலாக்காரருக்கும் போட்டது, அதில் மூன்று டாக்கோ மட்டுமே மதியத் தட்டின் இரண்டு மடங்கு விலை. "மதியத் தட்டு இருக்கா அண்ணே" என்று கேளுங்கள், பதினொன்றரையில் இருந்து இரண்டரை வரை இருக்கும்.

இது கடைக்கார அண்ணன் கண்டுபிடித்த ஏற்பாடும் இல்லை. மெக்சிகோவிலேயே வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானத்தில் சாப்பிடுவது இப்படித்தான். அங்கே ஃபொண்டா என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் "கொமிதா கொரிதா" என்று ஒன்று உண்டு. சூப், சோறு, ஒரு கறி, டோர்ட்டியா, ஒரு கிளாஸ் பழத்தண்ணி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. என்ன கறி என்பதை அன்றன்றைக்கு வாசலில் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். நம் ஊரில் "இன்றைக்கு மீனா கோழியா" என்று கேட்டுவிட்டு உட்காருகிறோமே, அதேதான். மெக்சிகன் சாப்பாடு என்றாலே ஆடம்பரம் என்று நமக்குத் தோன்றுவது, அதை நாம் முதலில் பார்த்தது பெரிய ஹோட்டல்களிலும் விளம்பரப் படங்களிலும் என்பதால். அடிப்படையில் அது கூலிக்காரர் சாப்பாடு.

முதல் தடவை நீங்களே ஏமாந்ததாகச் சொன்னார்கள்?

ஆமாம், ஆனால் இந்தக் கடையில் இல்லை, வேறொன்றில். பெயர் வேண்டாம். கூட்டாளி ஒருவனும் நானும் போய் ஒரு நாச்சோஸ், ஒரு கெசடியா, இரண்டு தேசிக்காய்த் தண்ணி எடுத்தோம். நாச்சோஸ் 2,200, கெசடியா 1,900, தேசிக்காய்த் தண்ணி இரண்டும் 1,200, மேலே பத்து வீதம் சர்வீஸ் சார்ஜ், மொத்தம் 5,830 ரூபாய். நாச்சோஸ் என்று வந்தது பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டின சோளச் சிப்ஸ், அதன் மேல் உருக்கின சீஸ், நாலு வட்டம் ஊறுகாய் மிளகாய். வெளியே வந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு முட்டை ரொட்டி சாப்பிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

நாச்சோஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1940களில் அமெரிக்க எல்லையை ஒட்டின பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிகோ நகரத்தில் இக்னாசியோ அனயா என்பவர், சமையல்காரர் இல்லாத நேரத்தில் வந்த அமெரிக்கப் பெண்களுக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொடுத்தது அது. இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாக நாச்சோ என்பார்கள், அதுவே பலகாரத்துக்கும் பெயராகிவிட்டது. அவசரத்துக்குச் செய்த நொறுக்குத்தீனிக்கு 2,200 ரூபாய் கொடுப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

டோர்ட்டியா என்பது நம்ம ரொட்டிதானே?

பார்வைக்கு ரொட்டி. கையில் எடுத்தால் வேறு. நம் தேயிலைத் தோட்டத்து ரொட்டி கோதுமை மாவில் தடிப்பாகத் தட்டிச் சுடுவது, காலையில் கட்டச் சம்பலோடு ஒன்று உள்ளே போனால் மத்தியானம் வரை மலையில் நிற்கலாம். இது சோளத்தில் செய்தது, உள்ளங்கை அகலம், அப்பளத்தை விடக் கொஞ்சம் தடிப்பு, மடித்தால் உடையாது.

தைப்பொங்கல் முடிந்த வாரம் அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார், வெற்றிலைப் பை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். துணியில் சுற்றி மூடின சின்னக் கூடையில் டோர்ட்டியா வந்தது. அம்மா துணியை விலக்கி, ஆவி பறக்க ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னடா, சுண்ணாம்பு மணக்குது?"

வெற்றிலை போட்ட கை, அதுதான் மணக்குது என்று நான் சிரித்துவிட்டேன். அடுப்படியில் இருந்து கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "அம்மா சொல்றதுதான் சரி தம்பி, சுண்ணாம்பு போட்டுத்தான் அவிக்கிறது" என்றார். ஒரு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் தின்ற எனக்குத் தெரியாதது அம்மாவுக்கு ஒரு மோப்பத்தில் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கூட்டம் குறைவு, அண்ணன் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து முழுதாக விளக்கினார். அவர் பதுளைக்காரர், டுபாயில் ஒரு ஹோட்டலின் மெக்சிகன் அடுப்படியில் ஒன்பது வருஷம் மெக்சிகோ ஆள் ஒருவரின் கீழ் வேலை பழகினவர்.

செய்முறை இதுதான். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குச் சாப்பாட்டுக்கு உகந்த சுத்தமான சுண்ணாம்பு கிட்டத்தட்ட பத்துக் கிராம். தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல் முக்கால் மணி நேரம் மெல்லிய நெருப்பில் வைத்து, அடுப்பை அணைத்து, அப்படியே இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் தண்ணீர் மஞ்சளாகிக் குழகுழவென்று இருக்கும், சோளத்தைக் கைக்குள் வைத்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தோடு அரைத்தால் பிசையப் பிசையச் சேர்ந்து வருகிற மா கிடைக்கும். சும்மா சோள மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள், உதிர்ந்துதான் போகும், வட்டமாகத் தட்டவே முடியாது. சுண்ணாம்பு சோளத்தின் தோலையும் உள்ளே இருக்கிற கட்டையும் இளக்கிவிடுவதால்தான் இது பிடிபடுகிறது. மெக்சிகோ பக்கத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் செய்கிறார்கள், அவர்களின் பழைய நாவாட்ல் மொழியில் இதற்கு நிஸ்டமல் என்று பெயர், அதில் முதல் பாதி சாம்பலைக் குறிக்கும் சொல்.

கடைச் சுவரில் ஒரு பெண் முழங்காலிட்டு மா அரைக்கிற பழைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அவர் முன்னால் இருக்கும் கல்லுக்கு மெதாத்தே என்று பெயர், சரிவான கல், மூன்று கால், மேலே உருட்டித் தள்ள ஒரு குழவி. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மிதான். கால் மட்டும் முளைச்சிருக்கு" என்றார்.

சுண்ணாம்பா! உடம்புக்கு ஆகுமா?

ஆகும். இன்னும் சொன்னால், சோளத்தையே மூன்று வேளையும் தின்கிறவர்களுக்குச் சுண்ணாம்பு இல்லாவிட்டால்தான் ஆகாது. சோளத்தில் நயாசின் என்ற விற்றமின் இருக்கிறது, ஆனால் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்பில் அவித்தால்தான் அது அவிழ்கிறது. ஐரோப்பாக்காரர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து சோளத்தைக் கொண்டுபோனார்கள், அவிக்கிற முறையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விளைவு, இத்தாலியின் வடபகுதியிலும் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் உரியும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். தொற்று நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1914இல் இருந்து அதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பர்கர் என்ற அமெரிக்க மருத்துவர்தான் கிருமி இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று காட்டினார். மெக்சிகோக்காரர்களுக்கு அந்தத் தொல்லை பெரிதாக வராமல் காத்தது பாட்டிமார் போட்ட ஒரு கை சுண்ணாம்பு.

எப்போதாவது ஒரு மத்தியானம் சாப்பிடுகிற நமக்கு இதனால் ஒன்றும் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. நன்றாகக் கழுவித்தான் அரைக்கிறார்கள், வாய் வேகாது. ஆனால் வெற்றிலைக் கடையில் வாங்கின சுண்ணாம்பைப் போட்டு வீட்டில் பரீட்சை பார்க்காதீர்கள், அதில் வாசனையும் வேறு சாமானும் கலந்திருக்கும்.

டாக்கோ, புரிட்டோ, என்சிலாடா... எது எது என்றே புரியவில்லை.

டாக்கோ: டோர்ட்டியாவில் கறியை வைத்து மடித்தது. முடிந்தது.

புரிட்டோ: பெரிய கோதுமை டோர்ட்டியாவில் எல்லாவற்றையும் வைத்துத் தலையணை மாதிரிச் சுற்றினது. அந்தச் சொல்லுக்குக் குட்டிக் கழுதை என்று பொருள். கோதுமை ஸ்பானியர் கொண்டுபோன தானியம், அது நன்றாக விளையும் மெக்சிகோவின் வடபகுதியில்தான் இந்தக் கோதுமை டோர்ட்டியா பழக்கம்.

கெசடியா என்றால் உள்ளே சீஸ் வைத்து மடித்து வாட்டினது. என்சிலாடா என்றால் டோர்ட்டியாவை மிளகாய்க் குழம்பில் தோய்த்து, உள்ளே கறி வைத்துச் சுற்றி, மேலேயும் குழம்பை ஊற்றினது, பெயரிலேயே சிலி இருக்கிறது பாருங்கள். தொஸ்தாதா என்றால் டோர்ட்டியாவை மொறுமொறுவென்று பொரித்துத் தட்டையாக வைத்து, மேலே சாமான் அடுக்கினது.

ஆக, ஒரே ரொட்டி, ஒரே கறி, மடிக்கிற விதம்தான் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் மெனு கார்டைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

உறைப்பு எப்படி? நாங்கள் கொச்சிக்காய் தின்று வளர்ந்தவர்கள்.

ஏமாந்துபோவீர்கள். ஹலப்பென்யோ என்று பெருமையாக வைப்பார்களே, அது நம் பச்சைக் கொச்சிக்காய்க்கு முன்னால் சிறுபிள்ளை, நை மிரிஸ் என்கிற நம் உறைப்பு மிளகாய்க்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. மெக்சிகோவிலும் ஹபனேரோ மாதிரிப் பொல்லாத மிளகாய் உண்டு, ஆனால் அவர்கள் மிளகாயில் தேடுவது உறைப்பை மட்டும் இல்லை. காயவைத்தும் புகைபோட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணம் வரவைக்கிறார்கள். பழுத்த ஹலப்பென்யோவைப் புகையில் காயவைத்தால் சிப்போட்லே, அதைக் கோழிக் கறியில் போட்டால் விறகடுப்பில் சமைத்த மாதிரி ஒரு வாசம். உறைப்புப் போதாதவர்களுக்கு அண்ணன் ஒரு போத்தலில் நை மிரிஸ் அரைத்து வைத்திருக்கிறார், மேசையில் இருக்காது, கேட்டால் வரும்.

கொச்சிக்காயே அங்கிருந்து வந்ததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல், அவர்கள் காலத்தில்தான் மிளகாய் இந்தப் பக்கம் பரவியது. அதற்கு முன்னால் நம் ஆட்களின் குழம்பில் உறைப்புக்கு மிளகுதான். சம்பல் இல்லாமல் நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். என்ன செய்வது?

வாயைத் திறந்து கேட்பதுதான் வழி. கார்னே அசாதா என்றால் மாடு, கர்னித்தாஸ் என்றால் பன்றி, பொய்யோ என்றால் கோழி, பெஸ்காதோ என்றால் மீன். இந்த நாலு சொல் தெரிந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எங்கள் கடையில் மதியத் தட்டுக்கு மாடு வைப்பதே இல்லை, கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, காளான் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

பலருக்குத் தெரியாத இடம் மசித்த போஞ்சி விதை. பார்க்க சுத்த மரக்கறி, ஆனால் பழைய முறையில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், கோதுமை டோர்ட்டியாவிலும் அதே கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். இந்தக் கடையில் தேங்காய் எண்ணெய், நான் பார்த்தே உறுதி செய்தேன். வேறு கடைக்குப் போனால் "எந்த எண்ணெயில் வதக்கினது" என்று கேட்டுவிட்டே சாப்பிடுங்கள், முஸ்லிம் கூட்டாளிமாருக்கும் இதையே சொல்கிறேன்.

இந்தச் சாமான் எல்லாம் வெளிநாட்டில் இருந்துதானே வரவேண்டும்? பிறகு எப்படி 950க்குக் கொடுக்கிறார்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் சங்கதி தலைகீழ். அண்ணனின் மரக்கறி பில்லை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன்: தக்காளி, பெரிய வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், பட்டர் புரூட், சௌசௌ, கோவா (முட்டைக்கோஸ்), கொத்தமல்லி இலை, தேசிக்காய். எல்லாம் வெலிமடை, பண்டாரவளைச் சந்தைச் சாமான். சோளம் மொனராகலைப் பக்கத்தில் இருந்து மூட்டையாக வருகிறது. நம் நாட்டில் விளைகிற சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீனிக்குத்தான் போகிறது என்பதால் நல்ல மூட்டையாகப் பார்த்து எடுப்பதுதான் அவருக்குத் தலைவலி.

இதில் தக்காளி, மிளகாய், பட்டர் புரூட், சௌசௌ நாலுக்கும் பிறந்த வீடு மெக்சிகோவும் அதைச் சுற்றின பகுதியும். போஞ்சியும் அந்தக் கண்டத்து ஆள்தான். நம் வீட்டுப் பின்பக்கம் வேலியில் யாரும் கவனிக்காமல் படர்ந்து, காய்த்துக் காய்த்துத் தள்ளுகிற சௌசௌவை அங்கே சயோத்தே என்பார்கள். காயை மட்டும் இல்லை, கொழுந்துத் தண்டையும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையும் கூடச் சமைக்கிறார்கள். முதல் கோப்பை சூப்பில் மிதந்த துண்டைக் கரண்டியால் தூக்கிப் பார்த்த அம்மாவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இதுக்கா டா பஸ் ஏறி வந்தோம்? வீட்டு வேலியில காய்க்குதே." ஆனாலும் குடித்து முடித்தார்.

விலையை ஏற்றுவது சீஸ், மாட்டிறைச்சி, டின்னில் வருகிற சாமான், பாக்கெட்டில் வருகிற சிப்ஸ், இவைதான். மதியத் தட்டில் இதில் ஒன்றும் இல்லை. அதுதான் 950இன் ரகசியம், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

பட்டர் புரூட்டில் உப்பா?

அம்மாவும் இதைத்தான் கேட்டார். சிங்களத்தில் அலிகெட்ட பேர என்கிற இந்தப் பழத்தை நாம் சீனியும் பாலும் போட்டுக் குழைத்தே தின்று பழகிவிட்டோம். அவர்கள் உப்பு, தேசிக்காய், வெங்காயம், மிளகாய் போட்டு மசித்து குவாக்கமோலே என்கிறார்கள். முதல் வாய் விநோதமாக இருக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும். அம்மாவுக்குப் பழகவில்லை, தன் பங்கை என் தட்டில் தள்ளிவிட்டார்.

மெக்சிகோவில் தமாலே என்று ஒரு பலகாரம் இருக்கிறதாம். தமிழர் போய்ச் செய்து பெயர் வைத்ததா?

இல்லை. தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். தமல்லி என்பது நாவாட்ல் சொல், இலையில் பொதிந்து அவித்ததைக் குறிப்பது. சோளத்தின் மேல்தோலிலோ வாழையிலையிலோ மாவை வைத்து, நடுவே கறி வைத்து, மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். உருவத்தில் நம் இலைக் கொழுக்கட்டைக்கும் சிங்களவரின் ஹலபவுக்கும் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும். பெயர் ஒத்துப்போனது தற்செயல், கைப்பழக்கம் ஒத்துப்போனதுதான் எனக்கு அதிசயம்.

கையால் சாப்பிடலாமா, முள்ளும் கத்தியும் வேண்டுமா?

கையால்தான். டாக்கோவை முள்ளால் குத்தித் தின்றால் மெக்சிகோக்காரர்தான் சிரிப்பார். டாக்கோவை வாய்க்குக் கொண்டுவந்து சாய்க்காதீர்கள், அதை நேராகப் பிடித்துக்கொண்டு நீங்கள் தலையைச் சாயுங்கள், கறி சட்டையில் கொட்டாது. ஆனால் தட்டுச் சோற்றுக்குக் கரண்டி வைப்பார்கள், நான் அதையும் கையாலேயே பிசைந்துதான் சாப்பிடுகிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

குடிக்க என்ன தருகிறார்கள்?

மூன்றில் ஒன்று. புளித் தண்ணி, சிவப்பான புளிச்சைப் பூத் தண்ணி, இல்லாவிட்டால் ஒர்ச்சாத்தா. கடைசியாகச் சொன்னதை விடாதீர்கள். பச்சரிசியையும் கறுவாப்பட்டையையும் இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் வடித்து, சீனி சேர்த்துக் குளிரவைத்தது. கஞ்சித் தண்ணி குளிர்ந்து வாசமாக வந்தால் எப்படி, அப்படி.

கறுவா என்றதும் இன்னொன்று. இலங்கைக் கறுவாவை அதிகமாக வாங்குகிற நாடே மெக்சிகோதான். மற்ற நாடுகளில் தடித்த கஸ்ஸியாப் பட்டையைக் கறுவா என்று விற்கும்போது, மெக்சிகோக்காரர்கள் கையால் நொறுங்குகிற மெல்லிய சுருளான நம் பட்டையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், கானேலா என்பார்கள். கோப்பியிலும் அதைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அது விளைவது நம் மலையில் இல்லை, காலி, மாத்தறைப் பக்கம். இருந்தாலும் அந்தக் கிளாஸைக் கையில் வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

சாயம் (பால் இல்லாத தேத்தண்ணி) கேட்டாலும் போட்டுத் தருவார், அதற்கு 60 ரூபாய் தனி.

வீட்டில் செய்ய முடியுமா? செலவு குறையுமா?

சோள டோர்ட்டியாவை விட்டுவிடுங்கள், அதற்குப் பொறுமையும் கிரைண்டரும் வேண்டும். கோதுமை மா ரொட்டியைத் தேங்காய்ப்பூ இல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, முடிந்த மட்டும் மெல்லிசாக உருட்டிச் சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிஷம் வாட்டினால் வடக்கு மெக்சிகோ டோர்ட்டியாதான். சுட்டதும் துணியில் மூடுங்கள், இல்லாவிட்டால் அப்பளமாகிவிடும்.

போஞ்சி விதைக்கு, கடையில் கிடைக்கிற சிவப்பு விதை கால் கிலோ. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக மசிய வேகவையுங்கள். அரைவேக்காட்டில் இறக்கிவிடாதீர்கள், சிவப்பு போஞ்சி விதை வேகாமல் உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம், குறைந்தது பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதித்திருக்க வேண்டும். பிறகு எண்ணெயில் வெங்காயம், உள்ளி (வெள்ளைப்பூண்டு), ஒரு சிட்டிகை சீரகத்தூள் போட்டு வதக்கி, வெந்த விதையை அதிலேயே மத்தால் மசித்துக் கிண்டினால் சரி. ஆங்கிலத்தில் இதை இரண்டு தடவை பொரித்தது என்கிற மாதிரிப் பெயரில் சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் அந்த முன்னொட்டு "நன்றாக" என்ற அர்த்தத்தில் வருவது, இரண்டு தடவை எல்லாம் பொரிக்க வேண்டாம்.

சம்பலுக்கு மூன்று தக்காளி, அரை வெங்காயம், இரண்டு பச்சைக் கொச்சிக்காய், ஒரு கை கொத்தமல்லி இலை, எல்லாம் பொடியாக வெட்டி உப்பும் தேசிக்காயும் பிழிந்து பத்து நிமிஷம் வைத்தால் போதும். அவர்கள் அதைச் சேவலின் அலகு என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், எனக்கு ஒன்றும் திருப்தி இல்லை.

நாலு பேருக்கு இது போதும், நாலு மதியத் தட்டோடு பார்த்தால் செலவு ஒரு மூலைக்குக்கூட வராது. காஸ் விலையைச் சேர்த்தாலும் லாபம்தான்.

எல்லாம் சரி, இது அசல் மெக்சிகன் சாப்பாடா?

மெக்சிகோவுக்கு நான் போனதில்லை, அண்ணனும் போனதில்லை. தேங்காய் எண்ணெயில் வதக்கின போஞ்சியைப் பார்த்தால் அங்கே ஒரு பாட்டி முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த ஊரிலேயே டாக்கோ அல் பஸ்தோர் என்று கொண்டாடுகிறது, லெபனானில் இருந்து குடியேறினவர்கள் கொண்டுபோன ஷவர்மாக் கம்பியில் பன்றியைச் சொருகிச் சுட்டதுதான். மஞ்சள் சீஸும் வளைந்த மொறுமொறு ஓடும் அமெரிக்கப் பக்கத்துப் பழக்கம், அதைத்தான் உலகம் முழுக்க மெக்சிகன் என்று விற்கிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பில் அவித்து அரைக்கிற கடையை அசல் இல்லை என்று என் வாயால் சொல்லமாட்டேன். சோளத்தையும் போஞ்சியையும் மிளகாயையும் அடிப்படையாக வைத்த அந்தச் சமையல் மரபைத்தான் யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேலே ஊற்றுகிற சீஸுக்காக அது கிடைக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு?

கெசடியா பாதி. அது தட்டில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

பார்சல் கட்டுவார்களா?

கட்டுவார்கள், ஆனால் டாக்கோவைக் கட்டாதீர்கள். பண்டாரவளை பஸ்ஸில் அரை மணி நேரம் மடியில் இருந்தால் சம்பலின் தண்ணீர் இறங்கி டோர்ட்டியா கூழாகிவிடும், நான் பட்டவன். புரிட்டோதான் பயணத்துக்கு ஏற்றது, ஈயத்தாளில் இறுக்கிச் சுற்றிக் கொடுப்பார், வீடு வரும் வரை சூடு இருக்கும். டாக்கோதான் வேண்டும் என்றால் கறி வேறு, சம்பல் வேறு, டோர்ட்டியா வேறாகக் கட்டச் சொல்லி, வீட்டுக்கு வந்து தோசைக்கல்லில் டோர்ட்டியாவை ஒருதரம் வாட்டிக்கொள்ளுங்கள்.

போயா (பௌர்ணமி) அன்றைக்குத் திறந்திருக்குமா?

திறந்திருக்கும். ஆனால் அன்றைக்கு இறைச்சிக் கடை எல்லாம் மூடியிருப்பதால் மதியத் தட்டில் இறைச்சி இல்லை. மசித்த உருளைக்கிழங்கை டோர்ட்டியாவில் வைத்து மடித்துப் பொரித்த டாக்கோ வரும், மேலே பொடியாக அரிந்த கோவாவும் தக்காளிச் சம்பலும். விலையும் 750தான். அம்மா இனி வந்தால் போயாவுக்குத்தான் வருவாராம், சௌசௌ சூப் மட்டும் வைக்கக்கூடாது என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னார்.